ஆடி மாதத்திலும் பத்தில் ஒன்று

டீ வரட்டும், அதற்குள் ஒரு கணக்கைப் பேசுவோம். தளி பக்கம் ரோஜா போட்டிருக்கும் ஒரு விவசாயியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரை ஏக்கர் பசுமைக்குடில், உள்ளே தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜா. காதலர் தினத்துக்கு முந்தைய வாரம் இருபது பூ கொண்ட ஒரு கட்டுக்குக் கிடைக்கும் விலை ஒன்று. கல்யாணம் காட்சி இல்லாத ஆடியில் அதே கட்டுக்குக் கிடைக்கும் விலை வேறொன்று. 2020 ஊரடங்கின்போது விலை என்ற பேச்சே இல்லை. பூத்ததைச் செடியிலேயே விட்டால் செடி கெட்டுவிடும் என்பதால், கூலி கொடுத்துப் பறித்துக் குப்பையில் கொட்டினார்கள். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிறவரின் நிலையும் இதைவிட உறுதியானதல்ல. இப்படி ஏறி இறங்கும் வருமானத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர், இல்லாதவர்களுக்கென்று விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா?

நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், "கையில இருந்தா குடுக்கலாம், இல்லாதப்ப எங்க போறது?" என்பதுதான். நியாயமான பதில் போலத்தான் தெரிகிறது. ஆனால் இதே கேள்வியை யூத சமய அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக உட்கார்ந்து அலசியிருக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் வேறு. தளியில் அந்தப் பேச்சை எடுக்க நமக்கு ஒரு சாக்கும் இருக்கிறது. இந்திய-இஸ்ரேல் வேளாண் கூட்டுத் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்த நாட்டின் சொட்டுநீரும் பசுமைக்குடிலும் நம் ஆட்களுக்கு அத்துப்படி. அந்த மக்களின் பழைய வயல் சட்டத்தைத்தான் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

வயலிலிருந்தே தொடங்குவோம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத சட்ட நூல், அறுவடை நாளுக்கு ஒரு விதி சொல்கிறது. வயலை முழுக்க அறுக்கக் கூடாது, ஓரத்தில் ஒரு பகுதியை விட்டுவிட வேண்டும். ஏழைகள் வந்து தாங்களே அறுத்துக்கொள்வார்கள். இதற்கு 'பேயா' என்று பெயர். குறைந்தபட்ச அளவு அறுபதில் ஒரு பங்கு. இன்னும் நுணுக்கமாகப் போகிறார்கள். அறுக்கும்போது கைதவறி ஒன்றிரண்டு கதிர் விழுந்தால் அது ஏழைக்கு. மூன்று சேர்ந்து விழுந்தால் நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். வயலில் மறந்து விட்டுவந்த கட்டைத் திரும்பிப் போய் எடுக்கக் கூடாது. தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் ராகி போட்டவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும். நாம் ஓரத்தை விடுவதற்கு முன்பே யானைகள் வந்துவிடுகின்றன, அவை அறுபதில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்வோம். மழை பொய்த்த ஆண்டில் ஓரம் விட வேண்டாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மழை கொட்டிய ஆண்டில் ஓரத்தோடு இன்னொரு வயலையும் கொடு என்றும் சொல்லவில்லை. விளைச்சல் சிறுத்தால் ஓரத்தில் நிற்கும் கதிரும் சிறுத்துப்போகும், அவ்வளவுதான். ஏழாண்டுச் சுழற்சி ஒன்றும் இருந்தது. அதில் மூன்றாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போகும், ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விட வேண்டும். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் தசமபாகம் என்று சொல்வதன் வேர் இந்தச் சட்டங்களில்தான் இருக்கிறது.

காலப்போக்கில் யூதர்கள் பல தேசங்களில் சிதறினார்கள். நிலம் போய் வியாபாரமும் கைத்தொழிலும் பிழைப்பாயின. கதிரைப் பங்கிட்ட பழக்கம் காசுக்கு மாறியது. வருமானத்தில் பத்தில் ஒன்றை ஒதுக்குவது 'மாசேர்' என்று நிலைத்தது. 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்கான் ஆருக் என்ற சட்டத் தொகுப்பு இதை மூன்று படியாக வைக்கிறது. ஐந்தில் ஒன்று கொடுப்பது சிறப்பு, பத்தில் ஒன்று நடுத்தரம், அதற்குக் கீழே போனால் கை இறுகியவர் என்று பெயர்.

இப்போது, இந்த விஷயத்தைக் கேட்கும் எல்லோருக்கும் வரும் ஒரு தப்பெண்ணத்தைப் பார்ப்போம். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம், மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. "நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் விடாமல் கொடு" என்றதும், மாதா மாதம் ஒரே தொகையைக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பிப்ரவரியில் ஐயாயிரம் கொடுத்தவர் ஆடியிலும் ஐயாயிரம் கொடுக்க வேண்டும் என்று. அப்படியானால் அது கொடுமை. வட்டிக்கு வாங்கித் தருமம் செய்யச் சொல்வது போலாகிவிடும். இதை நினைத்துத்தான் பலரும், "நமக்கு ஆகாது, நிலையான சம்பளக்காரர்கள் செய்யட்டும்" என்று ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவரின் பி.எஃப். பிடித்தத்தை நினைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 விழுக்காடு பிடிக்கிறார்கள். கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து மாதத்தில் பாதி நாள்தான் வேலை என்றால் சம்பளம் குறையும், பிடித்தமும் அதே வீதத்தில் குறையும். ஆனால் இந்த மாதம் கஷ்டம் என்று அந்த 12 விழுக்காடு 4 ஆவதில்லை, நிறுத்தப்படுவதும் இல்லை. இன்னொன்று, அந்தப் பணம் நம் கைக்கு வந்து, வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் போன பிறகு மிச்சத்தில் எடுக்கப்படுவதில்லை. முதலிலேயே போய்விடுகிறது, அது இல்லாத சம்பளத்துக்குள் நம் குடும்பம் பழகிவிடுகிறது. மாசேரும் இந்த இரண்டு வழியில்தான் நடக்கிறது: தொகை ஆடலாம், வீதம் ஆடாது, மிச்சத்திலிருந்து எடுப்பதில்லை, தலைப்பிலேயே எடுத்துவைப்பது. பி.எஃப். பணம் ஒருநாள் நமக்கே திரும்பி வரும், இது வராது. அந்த வித்தியாசம் சின்னதல்ல என்பது உண்மைதான்.

சரி, எந்தத் தொகையில் பத்தில் ஒன்று? நம் ரோஜாக்காரருக்கு முக்கியமான கேள்வி இதுதான். பூ விற்ற பணம் முழுவதிலுமா? இல்லை. உரம், மருந்து, பறிகூலி, பெங்களூருக்கு அனுப்பும் வண்டி வாடகை எல்லாம் கழித்த பிறகு நிற்கும் லாபத்தில்தான். வீட்டுச் செலவைக் கழிக்கலாமா என்றால், பெரும்பாலான அறிஞர்கள் கூடாது என்கிறார்கள். கழிக்க அனுமதித்தால் செலவு எப்போதும் வருமானத்தைப் பிடித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். லாபமும் நஷ்டமும் மாறி மாறி வந்தால், ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம் என்று பின்னாளைய அறிஞர்கள் வழி சொன்னார்கள். பிப்ரவரியில் ஒரு லட்சம் லாபம், ஆடியில் நாற்பதாயிரம் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். அறுபதாயிரம் நிற்கிறது, அதில் ஆறாயிரம். கணக்கு நோட்டு இல்லாமல் இது நடக்காது. தருமத்தைப் பற்றிய பேச்சு இத்தனை சீக்கிரம் கணக்குப்பிள்ளை வேலையாக மாறுவதை அந்த நூல்களில் யாரும் குறையாகப் பார்க்கவில்லை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இரக்கம் மேலிட்ட நாளில் அள்ளிக் கொடுத்து, அடுத்த மூன்று மாதம் பிச்சைக்காரரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு நோட்டு ஒரு நல்ல மருந்து.

மேலே ஒரு கூரையும் போட்டிருக்கிறார்கள், கீழே ஒரு தரையும் போட்டிருக்கிறார்கள். கூரை இது: கலிலேயாவில் ஊஷா என்ற ஊரில் இரண்டாம் நூற்றாண்டில் கூடிய அறிஞர்கள், யாரும் தம் செல்வத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துவிடக் கூடாது என்று விதித்தார்கள். வாரி வாரிக் கொடுத்தவர் நாளை தாமே கையேந்தி நிற்கக் கூடாது என்பது காரணம். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சப்பென்றுகூட இருக்கலாம். ஆனால் பாரி ஒருமுறை கொடுத்தான். ஊஷாவில் கூடியவர்கள் ஐம்பது ஆண்டு கொடுக்கப்போகிற ஒரு சாதாரண வியாபாரியை மனதில் வைத்துப் பேசினார்கள்.

தரைதான் இன்னும் வியப்பானது. வருமானம் பூஜ்யம் என்றால் பத்தில் ஒன்றும் பூஜ்யம்தானே? அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆண்டுக்கு மூன்றில் ஒரு ஷெக்கலாவது, அதாவது ஒரு சின்ன வெள்ளிக்காசின் மூன்றில் ஒரு பகுதியாவது, கொடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். தருமத்தில் பிழைக்கும் ஏழையும், தனக்குக் கிடைத்ததிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும். நாம் உடனே கேட்போம், "அவனே வாங்கித் தின்னுறவன், அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்று. அவர்கள் கேட்டது அவனுடைய பணத்துக்காக அல்ல என்று நினைக்கிறேன். ஊரில் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு சாதி உண்டாகிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. ஷுல்கான் ஆருக்கில் ஒரு குறிப்பு வருகிறது: கொடுக்கக் கடமைப்பட்ட ஏழைகள் இருவர் இருந்தால், ஒருவர் தம் தருமத்தை மற்றவருக்கே கொடுத்துக்கொள்ளலாம். பணக் கணக்கில் பார்த்தால் எதுவும் மாறவில்லை. பத்து ரூபாய் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போய், வேறொரு பத்து ரூபாய் திரும்பி வந்திருக்கிறது. ஆனாலும் அன்று இருவரும் கொடுத்திருக்கிறார்கள்.

கையில் அந்தக் காசும் இல்லாதவர்? ஆறுதலாகப் பேசினால் போதும். ஏழைக்குக் காசு கொடுப்பவருக்கு ஆறு ஆசி, ஆறுதல் சொல்பவருக்குப் பதினொன்று என்று தல்மூது என்ற யூத நூல் கணக்குச் சொல்கிறது. எல்லாவற்றையும் எண்ணுகிறவர்கள் இதையும் எண்ணியிருக்கிறார்கள்.

இந்த விதிகளை ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதியவர் மைமோனிடிஸ். எகிப்தில் வாழ்ந்து 1204இல் இறந்த மருத்துவர். அவர் வாழ்க்கையிலேயே ஒரு பிப்ரவரியும் ஓர் ஆடியும் உண்டு, அதற்கு இந்தியாவோடு தொடர்பும் உண்டு. தம்பி தாவீது ரத்தின வியாபாரி. அவர் உழைப்பில்தான் குடும்பம் நடந்தது, அண்ணன் படித்துக்கொண்டிருந்தார். இந்தியாவுக்கு வியாபாரத்துக்குப் புறப்பட்ட தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப் போனார். குடும்பப் பணம், பிறர் நம்பிக் கொடுத்த பணம் எல்லாம் அவரோடு போயிற்று. அண்ணன் ஓராண்டு படுக்கையில் கிடந்ததாக அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன்பிறகு மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். ஏழையும் கொடுக்க வேண்டும் என்று தம் சட்ட நூலில் எழுதியவர், இழப்பு இன்னதென்று அறியாதவர் அல்ல.

அவர் சொன்ன இன்னொன்று, ஓசூர்ப் பக்கம் வருடத்துக்கு ஒருமுறை பெரிய அன்னதானம் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்காருகிறவர்களுக்கு உறுத்தும். ஆயிரம் காசை ஒரே நாளில் ஒருவருக்குக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு காசாக ஆயிரம் முறை கொடுப்பது மேல் என்கிறார். வாங்குபவருக்கு எது நல்லது என்பது அங்கே அவர் பேச்சு இல்லை. கொடுப்பவரின் கை பழக வேண்டும், அதற்கு ஒருமுறை போதாது என்பதுதான் அவர் காரணம்.

தனி மனிதரின் பழக்கத்தை மட்டும் நம்பி ஊர் இருக்கவும் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் 'குப்பா' என்ற பொது நிதி இருந்தது. குறைந்தது இருவர் சேர்ந்து போய் வசூலிக்க வேண்டும், மூவர் சேர்ந்து உட்கார்ந்து பங்கிட வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அடுத்த வாரத்துக்கானது ஏழைகளுக்குப் போய்ச் சேரும். குப்பா இல்லாத யூத ஊரைத் தாம் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை என்கிறார் மைமோனிடிஸ். அவர் வாழ்ந்த பழைய கெய்ரோவில் வாரம் இருமுறை ரொட்டி பங்கிட்டதற்கான பெயர்ப் பட்டியல்கள் அங்குள்ள தொழுகைக்கூடத்தின் பழந்தாள் அறையிலிருந்து இன்றும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று தோன்றினால் விருதுநகருக்குப் போவோம். 1889இல் அங்கே நாடார் உறவின்முறையினர் க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளி. அதை நடத்த இரண்டு வழிகளில் பணம் வந்தது. ஒன்று மகமை: கடைத்தெருவில் கைமாறும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை பொது நிதிக்கு. மற்றது பிடி அரிசி: உலையில் போட அரிசி எடுக்கும்போது, வீட்டுப் பெண்கள் அதிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். அது வீடு வீடாகச் சேகரிக்கப்பட்டுப் பள்ளிக்குப் போகும். சோறு வடித்துச் சாப்பிட்டு மிஞ்சினால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தால் பள்ளி எத்தனை நாள் நடந்திருக்கும்?

மகமைக்கும் மாசேருக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். மகமை மூட்டையின் மேல் விழுவது. வியாபாரி அந்த மூட்டையில் நஷ்டப்பட்டிருந்தாலும் கொடுக்க வேண்டும். மாசேர் லாபத்தின் மேல் விழுவது. பம்பாயில் 1832 வாக்கில் வந்து குடியேறிய பாக்தாத் யூதரான தாவீது சசூனின் நிறுவனம் இதில் மகமைப் பக்கமே சாய்ந்திருந்தது. ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு விழுக்காட்டைத் தருமக் கணக்கில் எழுதிவந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பணத்தில் எழுந்த சசூன் மருத்துவமனை புனேயில் இன்றும் நடக்கிறது. அந்த நிறுவனம் அபினி வியாபாரத்தில் கொழுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பத்தில் ஒன்றை ஒழுங்காகக் கொடுப்பது மீதி ஒன்பதைக் கழுவிவிடும் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

நம் அரசாங்கமும் 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகளுக்கு இப்படி ஒரு விதி வைத்திருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காடு சமூகப் பணிக்கு. ஒரே ஆண்டின் ஏற்ற இறக்கத்தில் சிக்காமலிருக்க மூன்றாண்டுச் சராசரி. நம் ரோஜாக்காரர் பிப்ரவரியையும் ஆடியையும் சேர்த்துப் பார்த்தது போலத்தான், அளவு மட்டும் பெரிது.

கடைசியாக, இதைக் கேட்கும் யாரும் கேட்காமல் விடாத கேள்வி. "எங்க அக்கா கஷ்டப்படுறா, அவளுக்குக் குடுத்தது இதுல சேருமா?" தாராளமாகச் சேரும். சொல்லப்போனால் முறையே அதுதான். முதலில் ஏழை உறவினர், பிறகு உள்ளூர் ஏழைகள், பிறகு வெளியூர். ஆனால் அக்காவிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைத் தருமத்தில் எழுதக் கூடாது. கடன் கடன்தான். அண்டையில் வாழும் பிற சமயத்து ஏழைகளையும் தம் ஏழைகளோடு சேர்த்தே தாங்க வேண்டும், ஊரில் இணக்கம் நிலைக்க அது தேவை என்று தல்மூது சொல்கிறது.

அப்படியானால் உள்ளூர்க்காரர் யார்? ஓசூரிலும் தளியிலும் இது லேசான கேள்வி இல்லை. பசுமைக்குடிலில் பூ பறிப்பவர் ஜார்க்கண்டிலிருந்து வந்திருப்பார், பக்கத்து அறையில் இருப்பவர் ஒடிசா, டீக்கடைக்காரருக்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். அந்தப் பழைய சட்டம் இதற்கும் நாள் குறித்திருக்கிறது. ஓர் ஊருக்கு வந்து முப்பது நாள் தங்கியவரிடம் தரும வசூலுக்குப் போகலாம். ஒரு பையோடு ரயிலேறி ஓசூரில் வந்து இறங்கும் பையனுக்கு முதல் சம்பளம் வருவதும் அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்டத்தான். எத்தனை வருடம் இருந்தால் இவனை நம்ம ஊர்க்காரன் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் ஒரு மாதத்தில் உண்டியலோடு அவன் அறைக் கதவைத் தட்டியிருப்பார்கள்.